படகிலே ஒரு பாய் வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

நம் பேரவையின் சாகசக் குழு வருகிற பிப்ரவரியில் கனகசெட்டிக்குளத்திலிருந்து மரக்காணம் வரை கரையோரமாகவே இரண்டு ஃபைபர் படகுகளில் போய்வரப் போகிறது என்ற செய்தி கேட்டு நம்மில் பலர் துள்ளிக் குதித்தார்கள். நானும்தான். எங்கள் ஊரிலிருந்து புறப்படுகிற பயணம் ஆயிற்றே! ஆனால் அதற்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதல் வரியே 'டோம் டென்ட் - நான்கு'. இரண்டாவது வரி 'வெள்ளி நிற அவசரப் போர்வை - பத்து'. அதற்கு மேல் பாதுகாப்பு என்று லைஃப் ஜாக்கெட்டைத் தவிர ஒன்றுமில்லை.

நண்பர்களே, டென்ட் என்பது தரையில் முளை அடித்துக் கட்டுகிற பொருள். படகில் எங்கே முளை அடிப்பீர்கள்? "கரையில் இறங்கித் தங்கும்போது அடிப்போம்" என்று சொல்வீர்கள். கரைக்கு வந்து சேர்ந்தவனுக்கு டென்ட் எதற்கு? கூனிமேட்டில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுப்பார்கள். மறைப்பு தேவைப்படுவது கரைக்கு வர முடியாமல் போனவனுக்கு! இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலே தலைகீழாக மாறிவிடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுவை நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டி, காலாப்பட்டில் மறுபடி புதுவைக்குள் நுழைந்து, இன்னும் வடக்கே போனால் வருவது கனகசெட்டிக்குளம். புதுவை மீனவக் கிராமங்களில் வடக்குக் கோடி. எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கரை. படகை மணலில் தள்ளி, அலை பார்த்து, இரண்டு அலைக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் எஞ்சினை உதைத்து வெளியே போகவேண்டும். திரும்பி வருவதும் அப்படியே. எனவே படகில் ஏற்றுகிற ஒவ்வொரு சாமானும் அலையில் நனையும், உருளும், சில சமயம் பறக்கும். கடையில் அழகாக விரித்துக் காட்டுகிற எந்தப் பொருளையும் இந்த அலை வழியாக ஒரு முறை கற்பனையிலாவது கொண்டுபோய்ப் பாருங்கள். பாதிப் பொருட்கள் அங்கேயே தோற்றுவிடும்.

என் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு தடவை எஞ்சின் நின்று இரண்டு ராத்திரி கடலில் கிடந்தார்கள். புயல் இல்லை, ஒன்றுமில்லை. சாதாரண மழைக்காலக் காற்று, விட்டு விட்டுத் தூறல். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பசி ஒண்ணும் பெரிசு இல்லடா தம்பி. தண்ணி கூட அரைக் கேன் இருந்துச்சு. இந்த ஈரத்துணியோட காத்து பட்டுச்சு பாரு, அதுதான் ஆள உருக்கிடுச்சு. கூட வந்த சின்னப் பையன் ரெண்டாம் ராத்திரி துடுப்பப் புடிக்க முடியாம வெரல் மடங்கிப் போயிட்டான். பேசுனா பேச்சு கொழகொழன்னு வருது. நாங்க ரெண்டு பேரும் அவன நடுவுல போட்டு வலைய மேல இழுத்து மூடிக்கிட்டோம். வலையில என்னா மறையும்?"

மூவரும் திரும்பி வந்தார்கள். வேறொரு படகுக்காரர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள். "நம்ம ஊர்க் கடல் வெந்நீர் மாதிரி இருக்கும், இதில் எப்படிக் குளிரில் விறைக்க முடியும்?" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. முதலாண்டு இயற்பியலைக் கொஞ்சம் தூசு தட்டுவோம்.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையும் கைலியும் அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கொள்வோம். அது முழுவதும் காற்றில் காய 12 லட்சம் ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் உடம்பு ஒரு டிகிரி இறங்க ஏறத்தாழ 2.1 லட்சம் ஜூல் இழந்தால் போதும். வகுத்துப் பாருங்கள், ஐந்து டிகிரிக்கு மேல் வருகிறது! உண்மையில் அத்தனையும் உடம்பிலிருந்து போவதில்லை. காற்றும் கொஞ்சம் வெப்பம் தரும், உடம்பும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். ஆனால் படகில் துணி ஒரு தடவை நனைந்து காய்வதோடு விடுவதில்லை. அலைத் தெறிப்பு மறுபடி நனைக்கிறது, காற்று மறுபடி காய வைக்கிறது, இரண்டு ராத்திரி முழுக்க. சாப்பாடு இல்லாததால் உடம்பு என்ற பாய்லருக்கு விறகும் இல்லை. உடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினாலே அதை ஆபத்து என்கிறது மருத்துவம். பேச்சுக் குழறுவதும் விரல் சொன்னபடி கேட்காததும் அதன் அடையாளங்கள்.

ஆகவே நாம் முதலில் தடுக்க வேண்டியது காற்றை. இரண்டாவது தண்ணீரை. கதிர்வீச்சு அதற்கப்புறம்தான். வெள்ளிப் போர்வையின் மேல் எனக்கு இருக்கிற மனக்குறை இங்கேதான். அமெரிக்க விண்வெளித் துறை 1960-களில் உருவாக்கிய, அலுமினியம் பூசிய அந்தப் பாலியெஸ்டர் தாள் கெட்ட பொருள் அல்ல. 12 மைக்ரான் தடிப்பு, ஓர் ஆளை மூடுகிற தாள் ஐம்பது கிராம் சுமார்தான், சட்டைப் பையில் அடங்கும். ஆனால் காற்றடிக்கிற திறந்த படகில் அதைப் பிரித்துப் பாருங்கள், பட்டம் மாதிரிப் படபடக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் முடிந்தது கதை, சர்ரென்று கடைசி வரை ஓடும். வேறொரு மறைப்புக்கு உள்ளே, உடம்போடு சுற்றிக்கொள்ள அது நல்லது. அதுவே மறைப்பு என்று நம்பிப் போகிறவர் அதற்கு முன் ஒரு மார்கழி ராத்திரி எங்கள் கரையில் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்படியானால் என்ன வாங்குவது? என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தார்ப்பாய்! லாரிக்காரர்களும், கல்யாண வீட்டுப் பந்தல்காரர்களும், நெல் காயவைப்பவர்களும் வைத்திருக்கிற அதே பின்னல் பிளாஸ்டிக் தார்ப்பாய். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஆறு சதுர மீட்டர்.

ஏன் அது? எடையிலிருந்து தொடங்குவோம். பழைய கேன்வாஸ் துணி ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் போகும், நனைந்தால் இன்னும் ஒரு மடங்கு. ஆறு சதுர மீட்டர் நனைந்த கேன்வாஸைக் குளிரில் விறைத்த இரண்டு பேர் இருட்டில் இழுத்துக் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். பின்னல் தார்ப்பாயில் 150 கிராம் ரகம் எடுத்தால் மொத்தம் 900 கிராம்தான், நனைந்தாலும் தண்ணீரைக் குடிக்காது. இதையும் விட இலேசு வேண்டும் என்றால் மலையேறுகிறவர்கள் பயன்படுத்துகிற, சிலிக்கோன் பூசிய நைலான் துணி இருக்கிறது. ஆறு சதுர மீட்டர் 300 கிராமில் முடிந்துவிடும். பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் நான் கேட்கிறேன், முதுகில் சுமக்கிறவனுக்கு 600 கிராம் பெரிய விஷயம். எஞ்சினும் வலையும் நான்கு ஆளும் ஏறுகிற படகுக்கு அது ஒரு விஷயமா? படகில் இலேசு என்பதற்குப் பொருளே வேறு. இடத்தை அடைக்கக்கூடாது, காலில் தட்டக்கூடாது. தட்டினால் அடுத்த தடவை "இது எதுக்கு?" என்று வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் இருக்கிற தார்ப்பாய் எத்தனை இலேசாக இருந்து என்ன?

இன்னொரு கணக்கு, இதை நம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்தும் நாம் யோசிப்பதில்லை. பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரைவிட அதிகம். அதாவது கை தவறிக் கடலில் விழுந்தால் சாதா தார்ப்பாய் மிதக்கும், விலை உயர்ந்த துணி மெல்ல மெல்லக் கீழே போகும். எதுவாக இருந்தாலும் அகன்ற வாயும் திருகு மூடியும் உள்ள ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, டிரம்மைப் படகோடு கயிற்றால் கட்டிவிடுவது உத்தமம்.

தார்ப்பாயிலும் ஒரு பலவீனம் உண்டு, அதன் ஓரத்துக் கண்கள். அந்த அலுமினிய வளையங்கள் காற்று இழுத்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாயின் அடியில் வைத்து, மேலிருந்து துணியோடு சேர்த்து முறுக்கி, அந்தக் கழுத்தில் கயிறு கட்டினால் போதும். எந்த இடத்திலும் கட்டலாம், கிழியாது. படகில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது என்றால் வலையின் மிதவைக் கட்டை இருக்கிறதே!

இனிமேல்தான் முக்கியமான கட்டம், கட்டுகிற விதம். டென்ட் பிடித்தவர்கள் தார்ப்பாயையும் டென்ட் மாதிரி உயரமாகக் கட்ட நினைப்பார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். ஆறு சதுர மீட்டருக்கு 360. ஒரு மூட்டை அரிசிக்குக் குறைவான இழுப்பு, சமாளிக்கலாம். காற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 150 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுகிறது. ஐந்தடி ஆறடி அகலமுள்ள படகில் அதை ஆள் உயரத்தில் நிறுத்தி வைத்தால் கவிழ்வதற்கு நாமே ஏற்பாடு செய்தது போலத்தான். எனவே மறைப்பு படகின் விளிம்புக்குச் சமமாக, அல்லது ஒரு சாண் மேலே மட்டும். அணியத்திலிருந்து எட்டு அடி வரை மூடவேண்டும், பின்பக்கம் திறந்தே இருக்கவேண்டும். ஆட்கள் படுத்துக்கொண்டு ஊர்ந்துதான் உள்ளே போகவேண்டும். சௌகரியமாக இருக்காதுதான். ஆனால் நான்கு பக்கமும் ஜிப் போட்டு மூடிய டென்டுக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. எந்தப் பக்கமும் கையால் தள்ளினால் திறக்கிற மாதிரி இருக்கவேண்டும். உள்ளே ஸ்டவ் பற்றவைப்பதைக் கனவிலும் நினைக்கவேண்டாம்.

அணியத்தை ஏன் மூடச் சொல்கிறேன் என்றால், எஞ்சின் நின்ற படகு தானாகக் குறுக்கே திரும்பி அலையை விலாவில் வாங்கும். ஒரு வாளியையோ, மூட்டையாகக் கட்டிய வலையையோ நீளக் கயிற்றில் அணியத்திலிருந்து கடலில் விட்டால், அது தண்ணீரைப் பிடித்து இழுக்க, படகு காற்றை நோக்கி முகம் திருப்பும். அப்போது தெறிப்பெல்லாம் அணியத்தில்தான் விழும். மறைப்பும் இந்த மிதவை நங்கூரமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பாதிப் பயன்தான்.

இது புதுமையும் அல்ல. தென்துருவக் கடலில் கப்பலை இழந்த ஷாக்கிள்டன், 1916-இல் ஐந்து பேரோடு எலிஃபன்ட் தீவிலிருந்து சவுத் ஜார்ஜியாவுக்கு ஏறக்குறைய 800 கடல்மைல் ஒரு சின்னப் படகில் போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் ஜேம்ஸ் கெயர்ட். நீளம் இருபத்திரண்டரை அடி. நம்மூர் ஃபைபர் படகுகள் பலவற்றைவிடச் சிறியது! அந்தத் திறந்த படகுக்கு மக்நீஷ் என்ற தச்சர் பெட்டிப் பலகைகளையும் பனிச்சறுக்கு வண்டியின் கட்டைகளையும் குறுக்கே வைத்து, மேலே கேன்வாஸை இழுத்துத் தைத்து ஒரு மேல்தளம் செய்தார். கேன்வாஸ் பனியில் விறைத்துப்போய் அடுப்பில் காட்டி இளக்கித்தான் ஊசி ஏற்ற முடிந்ததாம். பதினாறு நாள் அந்தத் துணிக்குக் கீழே உயிரோடு கிடந்தார்கள். உயரமாக அல்ல, ஊர்ந்து போகிற உயரத்தில்.

பகல் வேளையை மறந்துவிட்டேனே என்று நினைக்காதீர்கள். மாசி, பங்குனிக் கடலில் வெயில்தான் எமன். நிழல் இருந்தால் வியர்வை குறையும், வியர்வை குறைந்தால் கையிலிருக்கிற ஒரு கேன் தண்ணீர் இன்னொரு நாள் வரும். மழை வந்தால் அதே பாய் பாத்திரமாகிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். நம் ஆறு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 60 லிட்டர்! உப்பைக் கழுவ முதல் சில நிமிடத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் குழி விழவைத்துப் பிடிக்கவேண்டும். இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி 1942 நவம்பர் முதல் 1943 ஏப்ரல் வரை 133 நாள் ஒரு மரத் தெப்பத்தில் தனியாகக் கிடந்த பூன் லிம் என்ற சீன மாலுமி, லைஃப் ஜாக்கெட்டின் கேன்வாஸ் உறையில் மழையைப் பிடித்துத்தான் தாக்குப் பிடித்தார். கடைசியில் அவரைக் காப்பாற்றியவர்கள் பிரேசில் நாட்டு மீனவர்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. கடைகளில் முதலில் எடுத்துப் போடுவது நீல நிறத் தார்ப்பாய். நீலக் கடலில் நீலப் பாயை மேலிருந்து பார்க்கிற ஹெலிகாப்டர்காரர் என்ன செய்வார், பாவம்! ஆரஞ்சு கேளுங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

"ஜி.பி.எஸ். இருக்கு, செல் இருக்கு, இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி இருக்கு, 1554-க்குப் போன் போட்டால் கடலோரக் காவல் படை வருது, இன்னும் எதுக்கு ஓட்டைத் தார்ப்பாய்?" என்று மின்னணுவியல் நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் கருவியை நான் மதிக்கிறேன். பொத்தானை அழுத்தினால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மீட்பு மையத்துக்குப் போய்விடும். வசதியுள்ள படகெல்லாம் வைத்திருக்க வேண்டும். ஆனால் செய்தி போவது நொடியில். கப்பல் வருவது மணிக்கணக்கில். கடல் கொந்தளித்தால் நாள்கணக்கிலும் ஆகலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் சட்டென்று வலுத்தபோது குமரி மாவட்டத்தவர் ஏராளமானோர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். அந்தப் புயலுக்கு என் தார்ப்பாய் பதில் என்று நான் சொல்ல வரவில்லை. 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரன் அப்படிச் சொல்லமாட்டான். ஃபெஞ்சலில் புதுவையில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை! புயல் எச்சரிக்கை வந்தால் படகு மணலில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நான் பேசுவது எச்சரிக்கையே இல்லாத சாதாரண நாளில் எஞ்சின் நின்றுபோகிற சாதாரணப் படகைப் பற்றி.

யோசித்துப் பார்த்தால் இந்தக் குறை முன்பு இல்லை. தாத்தா காலத்துக் கட்டுமரத்தில் பாய் இருந்தது. காற்றுக்கு விரித்தால் அது எஞ்சின், மழைக்கு இழுத்துப் போர்த்தினால் அதுவே கூரை. படுக்கிற பாய், பாய்மரத்துப் பாய், தார்ப்பாய் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது சும்மாவா! எஞ்சின் வந்தது, பாய் போனது. போனபோது வேகத்துக்கு மாற்று வந்துவிட்டது, மறைப்புக்கு மாற்று வரவே இல்லை. அதை யாரும் கணக்கில் எடுத்ததாகவும் தெரியவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஆமாண்டா, பாய் இருந்திருந்தா அன்னிக்கு வலைய மூடிக்கிட்டுக் கெடந்திருப்போமா" என்றார்.

ஆகவே சாகசக் குழுவுக்கு என் கோரிக்கை இது. நான்கு டென்டை அடித்துவிடுங்கள். அந்தப் பணத்தில் ஆரஞ்சுத் தார்ப்பாய் இரண்டு, டிரம் இரண்டு, 8 மில்லிமீட்டர் கயிறு, வெள்ளிப் போர்வை ஆளுக்கு ஒன்று வாங்கியும் மீதி நிற்கும். அந்த மீதியில் எங்கள் ஊர்ப் படகுகளுக்கும் சிலது வாங்கித் தரலாம், படகு தருவது அவர்கள்தானே.

இறுதியாண்டு நண்பர்களுக்கும் ஒன்று. ப்ராஜெக்ட் என்று எல்.ஈ.டி. இரண்டு எரியவைத்துத் தடிமனாக ரிப்போர்ட் பைண்டிங் பண்ணுகிறோமே, அதற்குப் பதில் இதை எடுக்கலாம். வளையம் பிய்யாத ஓரம் எப்படித் தைப்பது, கையுறை போட்ட கைக்கும் விறைத்த விரலுக்கும் பிடிபடுகிற கொக்கி என்ன வடிவம், இரண்டு நிமிடத்தில் இருட்டில் கட்ட முடியுமா என்று சோதித்துப் பார்ப்பது. டென்சைல் மெஷின் லேபில் சும்மாதான் நிற்கிறது.

அளவெடுக்க யாராவது வருவதாக இருந்தால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், அதற்குள் படகுகள் கரை ஏறியிருக்கும். டேப் கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பது மூன்று மீட்டர்தான். அணியத்திலிருந்து எட்டடியும், குறுக்கு அகலம் மூன்று இடத்திலும் எடுக்கவேண்டும். படகுக்குப் படகு அகலம் மாறும்.